பூட்டிய வீட்டுக்குள்ளே

திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எனக்குப் போன் செய்வாள். கால்வலி, மாத்திரை, குளிர் என்று சுற்றி வளைத்து கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பாள். ஆறு வருடமாக அதே கேள்விதான்.

"அங்க துணைக்கு யாருக்கா இருக்காங்க?"

"யாரா? லைனே இருக்குடி" என்பேன்.

அவள் வீட்டு மாடியில் எனக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். நான் கேட்காமலே ஃபேன்கூட மாட்டிவிட்டாள். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, அவள் மருமகள் எப்போது காப்பி கொண்டுவருவாள் என்று படிக்கட்டுச் சத்தத்துக்குக் காது கொடுப்பதைவிட, கொடைக்கானல் குளிரில் விறைத்துப் போவது மேல் என்பது என் கட்சி. அந்தக் கட்சியைக் காப்பாற்ற என்னிடம் இருந்தது "லைனே இருக்கு" என்ற ஒரே பதில். அது பொய் என்று ஆகிவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் இங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் முப்பது வருடத்துக்கு மேல் மேட்ரனாக இருந்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "வருசத்துக்கு நூறு பிள்ளைங்கள வளக்கிறேன், போதாதா?" என்று கேட்டு வாயை அடைத்திருக்கிறேன். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். வராந்தாவில் அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடுவார்கள். அவர்கள் என்னை நேசித்தார்களா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பயந்தார்கள். அது போதும் என்று அப்போது இருந்தது.

ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் செண்பகனூரில், ரோட்டுக்குக் கீழே சரிவில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். ஒரே வரிசையில் ஏழு வீடுகள். அதைத்தான் லைன் என்கிறோம். ஏழில் நான்கு, மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரர்களுடையவை. ஏப்ரலில் வந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து, மே முடிவதற்குள் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்று ஹோம்ஸ்டேக்கு விட்டது. மீதியில் ஒன்றில் ஜீப் ஓட்டும் ஒருவரும் அவர் மனைவியும். இன்னொன்றில் நான். ஆக, தங்கையிடம் நான் பெருமையடித்துக்கொண்ட லைன், கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரே ஒரு குடும்பம். அவர்களோடும் எனக்குப் பேச்சுவார்த்தை குறைவு. அந்தப் பெண்ணின் கோழிகள் என் கேரட் பாத்தியைக் கிளறியதற்கு ஒரு தடவை சத்தம் போட்டேன். விடுதியில் போடுகிற சத்தத்தைப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதற்குப்பின் அவள் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன்.

சங்கதி சீசனில் தொடங்கியது. சீசன் என்றால் மற்றவர்களுக்குக் குதிரைச் சவாரியும் மிளகாய் பஜ்ஜியும். எனக்குக் கதவுத் தட்டல். காலை ஆறு மணிக்குத் தட்டுவார்கள். "ரூம் இருக்கா?" மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுவார்கள். "ஹாட் வாட்டர் வருமா?" இது லாட்ஜ் இல்லை, வீடு என்றால், "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க மேடம்" என்பார்கள். இடையிடையே புரோக்கர்கள் வேறு. வீட்டை விற்கிறீர்களா என்று கேட்பதற்கு முன்பே சுவரைத் தட்டிப் பார்ப்பான் ஒருவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது மூன்று தடவை தட்டினார்கள். ஈரத் தலையோடு அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன்.

என்னிடம் மாங்காய்ப் பூட்டு ஒன்று இருந்தது. உள்ளங்கை நிறையும் கனம், திண்டுக்கல் வேலை. திண்டுக்கல்லில் பிறந்தவளுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாசல் கதவை வெளியே இழுத்துச் சாத்தி, நாதாங்கியில் அந்தப் பூட்டை மாட்டிப் பூட்டினேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக அடுக்களைக் கதவு வழியாக உள்ளே வந்து தாழ் போட்டுக்கொண்டேன். தட்டுகிறவன் பூட்டைப் பார்ப்பான், போய்விடுவான். கடைக்கும் கோயிலுக்கும் போக வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறது, பின்னால் பேரிக்காய் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அதில் ஏறினால் நேரே பஸ் நிற்கும் இடம்.

வேலை செய்தது. அன்று சாயங்காலம் ஒரு கூட்டம் வந்தது. "பூட்டியிருக்குடா" என்று ஒருவன் சொன்னான். காலடிச் சத்தம் மேலே ஏறிப்போனது. நான் உள்ளே சோபாவில் சிரித்துக்கொண்டே தேநீர் குடித்தேன். அந்த ருசி இருக்கிறதே, அதற்கு நான் அடிமையாகிவிட்டேன். சீசன் முடிந்தது. பூட்டை எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று இப்போது சொல்கிறேன். அப்போது அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாக இருந்தது.

முதலில் கேஸ்காரர் போனார். "வீடு பூட்டியிருந்ததால் சிலிண்டர் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது" என்று போனில் செய்தி வந்தது. நான் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். போன் போட்டுச் சண்டை பிடித்தேன், கடையில் போய் எடுத்துக்கொள்கிறேன் என்று முடிந்தது. பிறகு தபால் போனது. பிறகு கீரைக்காரி போனாள். ஒவ்வொன்றாகப் போனதால் எனக்கு உறைக்கவில்லை.

மழைக்காலத்தில் திருட்டு தொடங்கியது. சீசன் இல்லாத நாளில் செண்பகனூர்ப் பக்கம் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்? லைனின் கடைசி வீட்டில் கீசரையும் குழாய்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் ஹோம்ஸ்டேயில் இன்வெர்ட்டர் பேட்டரி. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜீப்காரர் மனைவி மேல்மலையில், கவுஞ்சியில் இருக்கும் தன் அம்மாவோடு முற்றத்தில் நின்று போன் பேசுவாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். குரலை இறக்கிப் பேசிப் பழக்கமில்லாதவள். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தபடி அவள் குடும்பத்தில் நடந்ததெல்லாம் எனக்குப் பாடம்.

"எங்க லைன்ல கீசரத் தூக்கிட்டாங்கம்மா… என்னது, பூண்டையா? அடப்பாவிகளா, பரண்ல காயப்போட்டதையா? மூட்டையோடயா?"

மேல்மலையில் திருடன் பூண்டு மூட்டையைத் தூக்குகிறான், கீழே கீசரைத் தூக்குகிறான். அந்தந்த ஊரில் எது விலையோ அது. மலைப்பூண்டு விற்கிற விலைக்கு அதைப் பீரோவில்தான் வைக்க வேண்டும்.

வண்டித் திருட்டு இன்னும் வேடிக்கை. கீழ்நாட்டில் பைக்கைத் திருட வேண்டுமானால் ஒயரைப் பிடுங்கி இணைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். இங்கே அந்தச் சோலியே கிடையாது. ஹேண்டில் பூட்டை ஒரு உதை விட்டு உடைத்து, நியூட்ரலில் போட்டு, உட்கார்ந்துவிட்டால் போதும். சத்தமே இல்லாமல் பெருமாள்மலை வரைக்கும் சரிவிலேயே இறங்கிவிடலாம். ரோட்டோரக் கடைக்காரரின் பைக் அப்படித்தான் போனது. அதிலிருந்து ஜீப்காரர் தன் பைக்கின் பின்சக்கரத்தைச் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டினார். தினமும் அவிழ்ப்பதற்குள் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். "மாட்டக் கூட இப்பிடிக் கட்ட மாட்டாங்க, வெரசா கெளம்புங்க" என்பாள். நான் உள்ளே சிரிப்பேன். எனக்கென்று சிரிக்க அந்த நாட்களில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

போலீஸ் வந்து லைனுக்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்றால் நாலு பேர். மூடுபனியில் முகம் தெரியவில்லை. ஆய்வாளரின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. "ஊருக்குப் போறவங்க ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க. பூட்டு வெளிய தெரியக் கூடாது. முன்கதவ உள்ள தாழ் போட்டுட்டு, பின்கதவுல பூட்டுங்க. திருடன் மொதல்ல பாக்கறது பூட்டத்தான்." பிறகு எந்தெந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று கேட்டார். மற்றவர்கள் சொன்ன பதில் என் காதுக்கு எட்டவில்லை.

நான் போயிருக்கலாம். பின்கதவைத் திறந்து, சுற்றி வந்து, இதோ இருக்கிறேன் என்று நின்றிருக்கலாம். ஏன் போகவில்லை என்று பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பூட்டை வெளியே தொங்கவிட்டு உள்ளே இருக்கிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குமேல் காரணம் ஒன்றுமில்லை. அதன்பிறகு வாரத்தில் இரண்டு தடவை யாரோ வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமானது. புரோக்கர் சனியன்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருப்பேன்.

டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம் கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள். நான் போவது டவுன் கோயிலுக்கு. இவர்கள் செண்பகனூர்ப் பிள்ளைகள், என்னைத் தெரியாது. வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கேக் வெட்டித் தட்டில் அடுக்கி, நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். கிட்டார் சத்தம் ஜீப்காரர் வீட்டு வாசலில் கேட்டது. அவர்கள் இந்துக்கள்தான், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பாடச் சொல்லிக் கேட்பார்கள். பாட்டு முடிந்து காலடிச் சத்தம் என் வாசலை நோக்கி வந்தது. எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். கதவு வரவில்லை. அப்போதுதான் புத்தியில் பட்டது, வெளியே பூட்டியிருக்கிறதே!

"இது பூட்டிக் கெடக்குடா, மேல போவோம்" என்றது ஒரு குரல்.

"இருங்கப்பா, வர்றேன்!" என்று கத்தினேன். கிட்டார் சத்தத்தில் அது எங்கே கேட்கப்போகிறது? அடுக்களைக்கு ஓடி, கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவதற்குள் அவர்கள் படியேறி ரோட்டுக்குப் போய்விட்டார்கள். சிவப்புத் தொப்பி ஒன்று மட்டும் பனியில் தெரிந்தது. உள்ளே வந்து ஒரு துண்டு கேக் சாப்பிட்டேன். மிச்சத்தை நாலு நாள் நானே தின்று தீர்த்தேன். அழுகை வந்தது, அழுதேன். அப்போதாவது பூட்டைக் கழற்றியிருக்க வேண்டாமா? மறுநாள் கழற்றலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். காய்ச்சலென்று படுத்திருந்தேன். வெளியே எதிர்மரம் தெரியாத பனி. வாசலில் பூட்டு அசைகிற சத்தம் கேட்டது. வழக்கமான இழுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. இரும்பை மரத்துக்குள் கொடுத்து நெம்புகிற சத்தம்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்தது பயமில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம். ஒரு நொடிதான். யாரோ ஒருவருக்கு என் வீட்டுக்குள் வர வேண்டும் என்று இருக்கிறதே என்று மனசு பொங்கியது. அதற்கப்புறம்தான் பயந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"எவண்டா அது?" என்றேன். காய்ச்சலிலும் மேட்ரன் குரல் சரியாகவே வந்தது.

நெம்புகிற சத்தம் நின்றது. பிறகு மெதுவாக, ரொம்ப மரியாதையாக, ஒரு குரல்.

"உள்ள ஆள் இருக்கீங்களா?"

திருடன் கேட்கிற கேள்வியா இது? "இருக்கேன்டா" என்றேன்.

"வெளிய பூட்டிக் கெடந்துச்சுங்களே."

"அது என் இஷ்டம்."

"ஆள் இல்லாத வீடுன்னுதான் சொன்னாங்கம்மா. தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"யாருடா சொன்னது?"

சரிவில் ஓடுகிற சத்தம். அவனுக்கும் எனக்கும் நடுவில் கடைசிவரை அந்தப் பூட்டு அசையாமல் நின்றது. நாதாங்கிதான் வளைந்து, ஆணியோடு பாதி பெயர்ந்து கிடந்தது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் கேட்ட கேள்விதான் எனக்குள்ளே நின்றுபோனது. எட்டு மாதத்தில் என் வாசலில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறீர்களா என்று கேட்ட ஒரே மனிதன் அவன்.

பின்கதவு வழியாக ஜீப்காரர் வீட்டுக்குப் போனேன். போர்வையோடுதான் போனேன். அந்தப் பெண் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டாள்.

"மேட்ரன் அம்மா! எப்பங்க வந்தீங்க?"

"எங்கேயிருந்து?"

"திண்டுக்கல்லருந்துதான். வீடு பூட்டிக் கெடக்கவும், தங்கச்சி வீட்டோட போயிட்டீங்கன்னுல்ல நெனச்சோம்."

"எப்பலேருந்து அப்படி நினைக்கிறீங்க?"

"சீசன்லருந்தே."

என் வாசலுக்கும் அவள் முற்றத்துக்கும் முப்பது தப்படிகூட இருக்காது. அவள் அம்மாவுக்கு என்ன மாத்திரை, அவள் புருஷனுக்கு எந்தக் குழம்பு பிடிக்காது, எல்லாம் எனக்குத் தெரியும். நான் உயிரோடு பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. "விளக்கு தெரியலையா? ஆள் அரவம் கேக்கலையா?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"ஒங்க அடுப்படி அந்தப் பக்கமுல்ல இருக்கு. முன்னால எப்பவும் திரை போட்டுல்ல கெடக்கு" என்றாள். பிறகு துணியைப் பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க ஒரு தடவகூட கூப்பிடலியேம்மா."

குனிந்து அவளோடு துணியைப் பொறுக்கிக்கொண்டே திருடன் வந்ததைச் சொன்னேன்.

மறுநாள் வெள்ளனே ஜீப்காரர் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். ஏட்டு ஒருவர் நீளமான நோட்டைப் பிரித்து விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இந்த வீடுங்களா? இது பூட்டிய வீடுங்க லிஸ்ட்லயே இருக்குங்கம்மா. அன்னைக்குக் கூட்டத்துல சொன்னாங்க, ஏத்திட்டோம். வாரத்துக்கு ரெண்டு தடவ எங்க ஆளு வந்து பூட்ட இழுத்துப் பாத்துட்டுத்தான் போறாரு." நன்றாக வேலை செய்கிறோம் என்ற பெருமை அவர் முகத்தில். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க உள்ளயா இருந்தீங்க?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசாங்க நோட்டில், ஆள் இல்லை என்று என்னை எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு? எட்டு மாதமாக அதை வாசலில் தொங்கவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது நான்தானே?

"அதை அடிச்சிருங்க" என்றேன்.

"அடிச்சிட்டு?"

"ஆள் இருக்குன்னு எழுதுங்க."

"எத்தன பேருங்க?"

"ஒருத்தி."

"அப்ப தனியா இருக்கற பெரியவங்க லிஸ்ட் ஒண்ணு வேற இருக்கு, அதுல ஏத்திக்கிறேன். ஏதாவது ஒண்ணுன்னா சொல்ல, பக்கத்துல யாரு பேரு போட?"

திரும்பிப் பார்த்தேன். ஜீப்காரர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஆறு வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவி எப்போதும் "இந்தாங்க" என்றே கூப்பிடுவாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயரை டிரங்குப் பெட்டி நம்பரோடு மனப்பாடமாக வைத்திருந்தவள், போலீஸ்காரர் முன்னால் நின்று, "தம்பி, உங்க பேரு என்ன?" என்று கேட்டேன். அவர் சொன்னார். போன் நம்பரையும் அவரே சொன்னார். என் காது சுட்டது.

திரும்பி வரும்போது அவர் அதிகம் பேசவில்லை. வளைவு ஒன்றில் கியரை மாற்றிக்கொண்டே, "அவளும் பகல் பூரா தனியாத்தான் கெடக்கா" என்றார். யாரிடமோ சொல்வது போல ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

தச்சர் வந்து உள்ளே இரண்டு தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார். மாங்காய்ப் பூட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள். திருடன் வந்ததைச் சொன்னேன், முழுக்கச் சொன்னேன். பிறகு அவளுடைய கேள்வி வந்தது. இந்தத் தடவை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"துணைக்கு யாருக்கா இருக்காங்க?"

"யாரும் இல்லடி" என்றேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

"அப்ப எறங்கி வந்திரேன்க்கா. ரூம் கெடக்கு."

"வரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. இத்தன மாசமா இங்க இருந்தும் இல்லாம இருந்துட்டேன். கொஞ்ச நாள் இருந்து பாக்குறேன்."